கரண்ட் திரும்பினால் எட்டு டிஸ்க்கில் ஐந்துதான் எழுகிறது. பயத்தில் ரைட் கேஷையும் அணைத்துவிட்டேன்

#1 ஆல்பம்காரன் (வடபழனி)

வணக்கம். கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சர்வர் என்று நான் பெருமையாகச் சொல்வது ஒரு டவர் கேபினெட்டைத்தான். லினக்ஸ், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), டிஸ்க்குகளை இணைக்கும் பழைய எச்பிஏ கார்டு, அதில் 16 டிபி என்டர்பிரைஸ் சாட்டா டிஸ்க்குகள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்ட ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்). இரண்டு வருஷம் நாலு டிஸ்க்குடன் ஒரு தொந்தரவும் இல்லை. தை முகூர்த்தம் வருகிறதே என்று ரிச்சி தெருவில் இன்னும் நாலு வாங்கிச் சேர்த்தேன். அன்று பிடித்தது சனி.

கரண்ட் போய்த் திரும்பினால் சர்வர் தானாக ஆன் ஆகும், ஆனால் ஐந்து டிஸ்க்தான் தெரியும். ரெய்டு எழாது. இது ஒரு தலைவலி. போன வாரம் யுபிஎஸ் பேட்டரி காலைவாரிவிட்டது. எடிட்டிங் பையன் கேட்டலாக்கை (போட்டோ எடிட்டிங் விவரமெல்லாம் இருக்கும் ஃபைல்) சேவ் செய்து, "சேவ்டு" என்று வந்த பிறகுதான் கரண்ட் போனது. மறுநாள் அந்தக் கேட்டலாக் திறக்கவே இல்லை. தெரிந்த கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். "டிஸ்க்கில் ரைட் கேஷ் இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க" என்றார். செய்தேன். இப்போது காப்பி வேகம் 300 எம்பியிலிருந்து 40-க்கு இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு, புது டிஸ்க் ஒன்று ஐந்து வினாடிக்கு ஒருமுறை 'டக்' என்கிறது.

அடுத்த வாரம் நாலு முகூர்த்தம். யாராவது காப்பாற்றுங்கள்.

#2 மொட்டைமாடி (கொளத்தூர்)

ப்ரோ, இது எல்லோருக்கும் வருவதுதான். மூன்றாவது பின்னில் மஞ்சள் கேப்டான் டேப் (கரண்ட் கடத்தாத டேப்) ஒட்டுங்கள், சரியாகிவிடும். பழைய சாட்டா பவர் கனெக்டரில் 1, 2, 3 மூன்று பின்னும் 3.3 வோல்ட். 2016-ல் வந்த சாட்டா 3.3 விதியில் மூன்றாவது பின்னை 'பவர் டிசேபிள்' என்று மாற்றிவிட்டார்கள். தொங்கிப்போன டிஸ்க்கை ரேக்கிலிருந்து உருவாமலே சர்வர் அணைத்து எழுப்புவதற்காக. பழைய எஸ்எம்பிஎஸ் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் தருவதால், டிஸ்க் "என்னை அணைத்து வைத்திருக்கிறார்கள்" என்று நினைத்துப் படுத்தே கிடக்கும்.

#3 பழைய_ஸ்பிண்டில் (அம்பத்தூர்)

மொட்டைமாடி சொல்வது உண்மையான விஷயம், ஆனால் இந்த நோயாளிக்கு அந்த மருந்து இல்லை. பவர் டிசேபிள் கோளாறு என்றால் டிஸ்க் ஒருநாளும் எழாது, சத்தமே வராது. இவருக்கு அந்த டிஸ்க்குகள் சில நாள் வந்திருக்கின்றன, இல்லாவிட்டால் ரெய்டே கட்டியிருக்க முடியாது.

ஆல்பம்காரன், எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஐந்து டிஸ்க்தான் வந்தது என்ற நிலையில், பவரை அணைக்காமல் ரீசெட் பட்டனை மட்டும் அழுத்தினால் என்ன ஆகிறது? எட்டு டிஸ்க்குக்கும் பவர் எந்த வழியாகப் போகிறது? முடிந்தால் போட்டோ போடுங்கள். அதுதானே உங்கள் தொழில்.

#4 ஆல்பம்காரன்

ரீசெட் அழுத்தினால் எட்டும் வந்துவிடுகிறது அண்ணே! அதனால்தான் இத்தனை நாள் ஓட்டினேன்.

பவர்: எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒரே கேபிளில் நாலு கனெக்டர். மூன்றில் நேராக மூன்று டிஸ்க். நாலாவது கனெக்டரில் ஒன்றை ஐந்தாக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு மீதி ஐந்து. ஸ்ப்ளிட்டர் 250 ரூபாய், கடையிலேயே கொடுத்தார்கள்.

#5 பழைய_ஸ்பிண்டில்

கிடைத்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.

மயிலாப்பூர்த் தேரைப் பார்த்திருப்பீர்கள். நிலையிலிருந்து கிளப்பும்போதுதான் அத்தனை ஆள் வேண்டும். உருள ஆரம்பித்துவிட்டால் கட்டை போட்டு அடக்குவதுதான் வேலை. டிஸ்க்கும் அப்படித்தான். 3.5 அங்குல, 7200 சுற்று டிஸ்க் சும்மா ஓடிக்கொண்டிருக்கையில் ஆறேழு வாட் தின்னும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 12 வோல்ட்டில் மட்டும் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதாவது 24 வாட். எட்டும் ஒரே நொடியில் கிளம்பினால் 16 ஆம்பியர், 192 வாட்.

உங்கள் 550 வாட் எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்கும். தாங்காதது அந்த ஸ்ப்ளிட்டர். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் வரை. மொத்தம் 4.5. அதன் வழியாக ஐந்து டிஸ்க்குக்கு 10 ஆம்பியர் இழுக்கிறீர்கள். கம்பியிலும் கனெக்டரிலும் வோல்டேஜ் விழுந்து, கடைசி டிஸ்க்குக்குப் போய்ச் சேரும்போது அது 12-ஆகவே இருக்காது.

டிஸ்க் எழும் வரிசை இது. பவர் வந்ததும் முதலில் அதன் போர்டில் இருக்கும் சிப் விழித்துக்கொள்ளும். மோட்டாரை மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். படித்து எழுதும் தலைகள் அப்போது டேட்டா இருக்கும் தட்டுக்கு வெளியே சரிவில் ஏறி உட்கார்ந்திருக்கும். முழு வேகம் வந்து, தட்டின் மேல் தலையை மிதக்கவைக்கும் அளவுக்கு காற்றுப்படலம் உருவான பிறகுதான் (ஹீலியம் டிஸ்க் என்றால் ஹீலியப்படலம்) தலை உள்ளே இறங்கும். மிதக்கும் உயரம் சில நானோமீட்டர்தான். இறங்கியதும் தட்டில் எழுதிவைத்திருக்கும் சர்வோ குறிகளைப் பிடித்து இடம் தெரிந்துகொள்ளும். அப்புறம், பலருக்குத் தெரியாத விஷயம், தன்னுடைய ஃபர்ம்வேரில் பெரும்பகுதியைத் தட்டிலிருந்தே படிக்கும். அதற்கென்று ரகசிய ஏரியா உண்டு. அதைப் படித்து முடித்தால்தான் "நான் தயார்" என்று சொல்லும். இவ்வளவு பெரிய டிஸ்க்கில் இதற்கெல்லாம் 20, 30 வினாடி ஆகலாம்.

நடுவழியில் வோல்டேஜ் விழுந்தால்? டிஸ்க் கரண்ட் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளும். தலையை வெளியே இழுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதற்குள் கார்டு பொறுமை இழந்து "இந்த போர்ட்டில் யாரும் இல்லை" என்று போய்விடும். நீங்கள் ரீசெட் அழுத்தும்போது ஐந்து டிஸ்க் ஏற்கெனவே முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீதி மூன்றுக்கு மட்டும்தான் தள்ளு. அதனால் வந்துவிடுகிறது.

நல்லவேளை, மூன்று விடுபட்டது. எட்டு டிஸ்க் ரெய்டு 6-க்குக் குறைந்தது ஆறு வேண்டும் என்பதால் ரெய்டு எழவே இல்லை, எதுவும் எழுதப்படவும் இல்லை. இரண்டு மட்டும் விடுபட்டிருந்தால் அது குறையோடு எழுந்து, எழுத ஆரம்பித்து, பிறகு இரண்டு டிஸ்க்கையும் மறுபடி நிரப்ப உட்கார்ந்திருப்பீர்கள். 16 டிபியை வினாடிக்கு 200 எம்பி வேகத்தில் நிரப்பினாலே 22 மணி நேரம்.

#6 கிண்டி_லேப்

சார், எச்பிஏ கார்டிலேயே ஸ்பின்-அப் தாமதம் வைக்க வசதி இருக்குமே? இரண்டிரண்டு டிஸ்க்காக, நடுவில் சில வினாடி விட்டு. அதை ஆன் செய்தால் ஸ்ப்ளிட்டரை மாற்றவே வேண்டாமே?

#7 பழைய_ஸ்பிண்டில்

நல்ல கேள்வி தம்பி, ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாட்டா டிஸ்க் பவர் வந்ததும் தானாகச் சுற்ற வேண்டுமா, கார்டு கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதைப் பவர் கனெக்டரின் 11-வது பின் தீர்மானிக்கிறது. அந்தப் பின் கிரவுண்டில் இருந்தால் உடனே சுற்றும். எங்கும் இணைக்காமல் விட்டிருந்தால் கார்டிடமிருந்து சிக்னல் வரும்வரை காத்திருக்கும். சாதா எஸ்எம்பிஎஸ் கேபிளில் 10, 11, 12 மூன்று பின்னும் ஒன்றாக கிரவுண்டில் கட்டப்பட்டிருக்கும். ஆக, கார்டில் என்ன செட்டிங் வைத்தாலும் டிஸ்க் காதில் விழாது. சர்வர் கேபினெட்டில் பேக்பிளேன் (டிஸ்க்குகளை நேராகச் செருகும் போர்டு) இருப்பது இதற்கும்தான்.

சர்வர்களுக்கென்றே வரும் இன்னொரு வகையான சாஸ் டிஸ்க் இதில் ஒழுங்குப்பிள்ளை. பவர் வந்தாலும், "சுற்றலாம்" என்ற அறிவிப்புக் குறி கார்டிலிருந்து வரும்வரை மோட்டாரைத் தொடாது. நடுவில் யாராவது "தயாரா?" என்று கேட்டால், "ஸ்பின்-அப் அனுமதி வரவில்லை" என்று அதற்கென்றே இருக்கும் பிழைக்குறியைத் திருப்பி அனுப்பும். 2, 04, 11 என்று லாக்கில் பார்த்தால் டிஸ்க் செத்துவிட்டது என்று பதறாதீர்கள், அனுமதிக்கு நிற்கிறது.

சாட்டாவிலேயே 'பவர்-அப் இன் ஸ்டாண்ட்பை' என்று ஒரு செட்டிங் உண்டு. வைத்துவிட்டால் கட்டளை வந்தால்தான் சுற்றும். சில பயாஸும் கார்டும் அப்படித் தூங்கும் டிஸ்க்கை அடையாளமே கண்டுகொள்ளாது. முகூர்த்த வாரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

#8 மொட்டைமாடி

சரி, அப்போ நாலு பின் மோலெக்ஸிலிருந்து (பழைய வகை பவர் கனெக்டர்) சாட்டாவாக மாற்றும் கேபிள் போட்டுவிடலாமே. அது 3.3 வோல்ட் பிரச்சினையையும் தீர்க்குமே.

#9 சால்டர்_வாசனை (சிந்தாதிரிப்பேட்டை)

போடலாம், எதைப் போடுகிறோம் என்று பார்த்துப் போட வேண்டும். ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்த்த கனெக்டர் வேண்டவே வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாக இருக்கும், நாளடைவில் ஷார்ட் ஆகிப் பற்றும். பின்னால் மூடி தனியாகத் திறக்கும், கம்பியைக் கடித்துப் பிடிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். என் மேஜைக்கு வந்த கருகிய டிஸ்க்குகளில் கனெக்டர் எல்லாமே முதல் வகை.

ஆல்பம்காரன், அந்த 250 ரூபாய் ஸ்ப்ளிட்டரின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். பழுப்பு நிறம் ஏறியிருக்கிறதா?

#10 ஆல்பம்காரன்

அண்ணே, ஏறியிருக்கிறது. வெள்ளைக் கனெக்டர், டீக்கறை பட்ட மாதிரி. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

மல்டிமீட்டரில் குறைந்தபட்ச வோல்டேஜைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தது. கடைசிக் கனெக்டரில் 12 வோல்ட் லைனைப் பிடித்து ஆன் செய்தேன்: 10.3. எஸ்எம்பிஎஸ்ஸுடன் வந்த இன்னொரு கேபிள் பெட்டியிலேயே பிளாஸ்டிக் கவரில் தூங்கிக்கொண்டிருந்தது! அதை மாட்டி, நாலுக்கு நாலு என்று பிரித்தேன். ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டேன். இப்போது 11.6-க்குக் கீழே போகவில்லை, மெயினை அணைத்து ஐந்து முறை போட்டாலும் எட்டும் வருகிறது.

கோடி நன்றி. இனி கேஷ் விஷயத்துக்கு வாருங்கள்.

#11 கணக்குப்புலி (தி.நகர்)

டிஸ்க் கேஷை அணைத்தது சரிதான். அப்படியே விடுங்கள். நான் இருபது வருஷமாக ஜவுளிக்கடைகளின் பில்லிங் சர்வர்களைப் பார்க்கிறேன். எழுதாததை எழுதிவிட்டேன் என்று சொல்லும் டிஸ்க்கை நம்பிக் கணக்கு வைக்க முடியாது. ஆடித் தள்ளுபடி அன்று மாலை ஒருமுறை அடிபட்டவன் சொல்கிறேன்.

#12 பழைய_ஸ்பிண்டில்

புலியாரின் அடி உண்மையான அடி. ஆனால் வைத்தியம் வேறு.

ரைட் கேஷ் என்றால் என்ன? சாப்பாட்டு ஹோட்டலில் சப்ளையரிடம் ரோஸ்ட் கேட்கிறீர்கள். "சொல்லியாச்சு சார்" என்கிறார். உண்மையில் அவர் இன்னும் அடுக்களைப் பக்கமே போகவில்லை, உங்கள் ஆர்டர் அவர் தலையில் இருக்கிறது. நாலு மேஜையையும் கேட்டுக்கொண்டு ஒரே நடையாகப் போவார். டிஸ்க்கின் போர்டில் இருக்கும் 256 அல்லது 512 எம்பி டிராம் (கரண்ட் இருக்கும்வரை மட்டும் நினைவில் வைக்கும் சிப்) தான் அந்தத் தலை. கரண்ட் போனால் தலையில் இருந்தது போச்சு.

அணைத்துவிட்டால்? ஒவ்வோர் ஆர்டருக்கும் அடுக்களைவரை போய், தோசை கல்லில் ஊற்றியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் "ஆச்சு" என்பார். 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி வினாடி. ஒரு துண்டை எழுதி, "ஆச்சு" என்று சொல்லி, அடுத்த துண்டு வந்து சேர்வதற்குள் அந்த இடம் தலையைக் கடந்து போய்விடும். இன்னொரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக 4 கேபி எழுதும் புரோகிராம் என்றால் வினாடிக்கு 120 முறை, 480 கேபி. 16 டிபி டிஸ்க், வேகம் ஃபிளாப்பி காலத்தை நினைவுபடுத்தும். சாட்டா வரிசையில் 32 கட்டளைகளை ஒரே நேரத்தில் கொடுத்துவைக்கலாம் என்பதால் பெரிய காப்பிகளில் இவ்வளவு மோசமாகாது. உங்கள் 40 எம்பி அப்படி வந்ததுதான்.

டிஸ்க்கை முழுப் பொய்யன் என்றும் சொல்லக்கூடாது. 'ஃபிளஷ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால், அதுவரை வாங்கிய எல்லாம் தட்டில் ஏறிய பிறகே பதில் சொல்லும். ஃபைல் சிஸ்டம் முக்கியமான இடங்களில் மட்டும் ஃபிளஷ் கேட்கும், மற்ற நேரம் டிஸ்க் தன் வசதிப்படி வரிசையை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

#13 கணக்குப்புலி

அப்படியானால் பெரிய கம்பெனிகள் சாஸ் டிஸ்க்குகளை ரைட் கேஷ் அணைத்தே ஏன் அனுப்புகிறார்கள்? அவர்களுக்குத் தெரியாததா?

#14 பழைய_ஸ்பிண்டில்

அங்கே டிஸ்க்குக்கு மேலே ரெய்டு கார்டு இருக்கும், கார்டில் பேட்டரியோ சூப்பர் கெபாசிட்டரோ கட்டிய சொந்த கேஷ் இருக்கும். எழுதியாச்சு என்ற பொறுப்பைக் கார்டு ஏற்றுக்கொள்கிறது. கீழே இன்னொரு பாதுகாப்பில்லாத கேஷ் எதற்கு என்று அணைக்கிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆல்பம்காரனிடம் இருப்பது வெறும் எச்பிஏ, அதில் கேஷும் இல்லை, பேட்டரியும் இல்லை.

சில என்டர்பிரைஸ் டிஸ்க்குகளில் இன்னொரு வித்தையும் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. கரண்ட் போனாலும் தட்டுகள் உடனே நிற்பதில்லை. சுற்றும் வேகத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறும். அந்தக் கரண்டில்தான் எல்லா டிஸ்க்கும் தலையைப் பத்திரமாகச் சரிவில் ஏற்றுகின்றன. சில மாடல்கள் அதோடு நிற்காமல், டிராமில் தேங்கியிருக்கும் டேட்டாவைப் போர்டில் உள்ள சின்ன ஃபிளாஷ் சிப்பில் எழுதிவிட்டுத்தான் கண்ணை மூடும். மறுபடி எழும்போது அதை எடுத்துத் தட்டில் சேர்க்கும். உங்கள் மாடலில் அது உண்டா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள், கடையில் கேட்காதீர்கள்.

#15 கிண்டி_லேப்

எனக்கு ஒரு சந்தேகம். ஃபிளஷ் ஒழுங்காகப் போயிருந்தால் கடைசி அரை நிமிஷ வேலை காணாமல் போயிருக்கலாம், லினக்ஸே டேட்டாவை ராமில் 30 வினாடி வரை வைத்திருக்கும். ஆனால் கேட்டலாக் திறக்காத அளவுக்கு ஏன் உடைந்தது? ஆல்பம்காரன் அண்ணா, உங்கள் எஃப்எஸ்டேப் ஃபைலில் (எந்த டிஸ்க்கை எப்படி இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்வது) அந்த ரெய்டுக்கான வரியைப் போட முடியுமா?

#16 ஆல்பம்காரன்

ஈஎக்ஸ்டி4, நோஏடைம், பேரியர்=0.

கடைசியில் இருப்பது என்னவென்றே எனக்குத் தெரியாது. "சர்வர் வேகத்தை இருமடங்காக்குவது எப்படி" என்று எங்கோ படித்து ஒட்டியது.

இன்னொரு விநோதம். நேற்றுக் கரண்ட் போய்த் திரும்பியதும் காப்பி வேகம் தானாகவே 300-க்கு வந்துவிட்டது! நான் கேஷை ஆன் செய்யவே இல்லை.

#17 கிண்டி_லேப்

வேகம் திரும்பியதற்குக் காரணம் எளிது. எச்டிபார்ம் என்ற கட்டளையில் டபிள்யூ0 கொடுத்து அணைத்திருப்பீர்கள். டிஸ்க் அதை நினைவில் வைத்துக்கொள்ளாது, பவர் போய் வந்தால் பழையபடி ஆன். அதாவது, எந்தக் கரண்ட் வெட்டுக்குப் பயந்து அணைத்தீர்களோ அதுவே திரும்ப ஆன் செய்துவிட்டது :)

வில்லன் அந்த பேரியர்=0. "டிஸ்க்குக்கு ஃபிளஷ் அனுப்பாதே" என்று ஃபைல் சிஸ்டத்திடம் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கேட்டலாக் என்பது சின்ன டேட்டாபேஸ். முதலில் குறிப்பு எழுதும், அது பத்திரமாக ஏறியதும் உள்ளடக்கத்தை மாற்றும். அந்த வரிசையை நம்பித்தான் அது பிழைக்கிறது. ஃபிளஷ் போகாததால், டிஸ்க் தன் வசதிக்குப் பின்னதை முன்னால் எழுதியிருக்கும். பாதியில் கரண்ட் போனால் குறிப்பும் உள்ளடக்கமும் ஒன்றோடொன்று பொருந்தாது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் இந்த வசதியையே லினக்ஸ் 4.19 கெர்னலில் தூக்கிவிட்டார்கள்.

#18 கணக்குப்புலி

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய்வார்த்தையில் விடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: சர்வரில் 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் (டிஸ்க்கில் ஏற்றிவிட்டுப் பதில் சொல் என்ற கட்டளை) கொடுக்க வேண்டும், "ஆச்சு" என்று வந்த பிறகு அந்த எண்ணை நெட்வொர்க் வழியாக உங்கள் லேப்டாப்பில் காட்ட வேண்டும். ஓடும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்ப எழுந்ததும், லேப்டாப்பில் கடைசியாகத் தெரிந்த எண் சர்வரில் இருக்கிறதா? இருந்தால் கேஷ் ஆனில் இருந்துவிட்டுப் போகட்டும். டிரயலுக்கு முன் பேக்கப்.

#19 பழைய_ஸ்பிண்டில்

அந்த 'டக்' சத்தம் விட்டுப்போனது. ஹீலியம் டிஸ்க்காக இருந்தால், 2013-ல் எச்ஜிஎஸ்டியின் 6 டிபியில் தொடங்கிய வம்சம், சும்மா இருக்கும்போதும் சில மாடல்கள் ஐந்து வினாடிக்கு ஒருமுறை தலையை நகர்த்திக்கொள்ளும். ஒரே இடத்தில் மிதந்தால் தட்டின் மேலிருக்கும் எண்ணெய்ப் படலம் சீர்கெடும் என்பதற்காகச் செய்யும் தடுப்பு வேலை. ஸ்மார்ட் அறிக்கை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது) சுத்தமாக இருந்தால் விட்டுவிடுங்கள். சத்தம் தாறுமாறாக வந்தால் மட்டும் கவலைப்படலாம்.

#20 ஆல்பம்காரன்

முகூர்த்தம் நாலும் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஸ்மார்ட் சுத்தம், 'டக்' பழகிவிட்டது. யுபிஎஸ் பேட்டரி மாற்றியாச்சு. கிண்டித் தம்பி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார். ஆளுக்கொரு பிளேட் பஜ்ஜியோடு கடைக்குள் உட்கார்ந்து பிளக்கைப் பிடுங்கினோம். பேரியர்=0 இருந்தபோது லேப்டாப்பில் 4,118 வரை காட்டியது, சர்வரில் 3,906 வரைதான் இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு, கேஷ் ஆனில் வைத்தே மூன்று முறை பிடுங்கினோம். மூன்று முறையும் கடைசி எண் சர்வரில் இருந்தது. எண் ஓடும் வேகம்தான் ஆமை, வினாடிக்கு இருபத்தைந்தைத் தாண்டவில்லை. காப்பி வேகம் 300-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

உடைந்த கேட்டலாக்கை மூன்று நாள் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்து, பையன் மறுபடி உட்கார்ந்து செய்தான். பெண் வீட்டாருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

#21 சால்டர்_வாசனை

அந்த ஸ்ப்ளிட்டரை என்ன செய்தீர்கள்?

#22 ஆல்பம்காரன்

நடுவே வெட்டிக் குப்பையில் போட்டேன் அண்ணே. எடிட்டிங் பையன் எதையும் பத்திரப்படுத்தி வைப்பான்.